வெடிப்பலா நாற்று: விதை எடுப்பதிலிருந்து ஓடைக்கரையில் நிலைக்க வைப்பது வரை

ஓடைக்கரை (கேள்வி)

வணக்கம். வால்பாறைப் பக்கம் சுமார் 1,050 மீட்டர் உயரத்தில் இருக்கும் காப்பித் தோட்டத்துக்குள் ஓர் ஓடை. அதன் இரு கரையிலும் சேர்த்து நாலு ஏக்கர் அளவுக்குக் காப்பி போடாமல் விட்ட நிலம் இருக்கிறது. பாதி இடத்தில் சில்வர் ஓக்கும் வட்டக்கண்ணியும் நிழல் தருகின்றன. மீதிப் பாதி வெட்ட வெளி, உண்ணிச்செடியும் புல்லும் மண்டிக் கிடக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு சோலைத் துண்டு. அதில் பாலி, நாங்கு, கருங்குங்கிலியத்தோடு பெரிய வெடிப்பலா மரங்களும் நிற்கின்றன, வருஷா வருஷம் காய்க்கின்றன. ஆனால் ஓடைக்கரையில் ஒரு வெடிப்பலாக் கன்றுகூடத் தானாக வரவில்லை. மற்ற காட்டு மரக் கன்றுகள் ஓரளவு வருகின்றன.

நிர்வாகம் இந்த நாலு ஏக்கரைக் காடாகவே விட ஒப்புக்கொண்டிருக்கிறது. வெடிப்பலாவை இங்கே கொண்டுவர வேண்டும். கேட்க வேண்டியவை இவை: விதையை எந்த மாதம் எடுப்பது, எத்தனை நாள் வைத்திருக்கலாம்? நாற்றை எத்தனை வயதில் நடுவது? வெட்ட வெளியிலும் நடலாமா, நிழலில் மட்டுமா? தானாக ஏன் வரவில்லை? கடைசியாக, கோயம்புத்தூரில் பண்ணை வைத்திருக்கும் சிலரும் நாற்று கேட்கிறார்கள். அங்கே வருமா?

இலைச்செதில்

விதை விஷயத்தை நர்சரிக்காரர்கள் சொல்லட்டும். முதலில் மரம் எது, அது எங்கே வாழ்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

வெடிப்பலா என்பது குலேனியா எக்ஸரில்லாட்டா. பலா என்று பேர் இருந்தாலும் பலாவுக்கு உறவு கிடையாது. டுரியன் பழ மரத்தின் நெருங்கிய சொந்தம். பழைய நூல்களில் குலேனியா எக்செல்சா என்று பார்ப்பீர்கள். 1970-ல் தாவரவியலாளர் ராபின்ஸ் இந்தப் பேரினத்தை முழுக்க ஆராய்ந்து, நம் மலை மரத்தை இலங்கை மரங்களிலிருந்து பிரித்து இந்தப் பேரை வைத்தார். குலேனியா என்பது திருவிதாங்கூரில் ரெசிடென்டாக, அதாவது ஆங்கில ஆட்சியின் பிரதிநிதியாக, இருந்த ஜெனரல் கல்லனுக்காகத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வைத்த பேர்.

அடையாளத்துக்கு இலையின் அடிப்பக்கம் போதும். மேலே கரும்பச்சை, வழவழப்பு. திருப்பினால் வெள்ளிப் பூச்சு, அதற்கு நடுவில் துரு நிறப் புள்ளிகள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை வைத்துப் பாருங்கள்: வட்ட வட்டமாக, நடுவில் ஒட்டி விளிம்பு விட்டு நிற்கும் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். இளங்கிளையிலும் இலைக்காம்பிலும் இதே செதில் உண்டு. விரலால் தேய்த்தால் பழுப்புத் தூளாக ஒட்டும். காற்று அடிக்கும்போது காட்டின் மேல்விதானத்தில் செம்பு நிறமும் வெள்ளியும் மாறி மாறித் தெரிவது இதனால்தான். எதிர் மலையிலிருந்து பார்த்தே எந்தச் சரிவில் எத்தனை மரம் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். பட்டை சாம்பல் வெள்ளை. அடிமரத்தில் பலகை வேர் இருக்கும். முப்பது, முப்பத்தைந்து மீட்டர் வரை ஏறும்.

பூ இலைக்கொத்தில் வராது. பழைய கிளைகளில் புடைத்த முண்டுகளில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு இதழே கிடையாது. சதைப்பற்றான, மங்கிய மஞ்சள் நிறக் குழல்தான் பூ. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் பூக்கும். காட்டில் வேறு சதைக்கனி அதிகம் இல்லாத நேரம் அது. சோலைமந்தி, நீலகிரிக் கருமந்தி, மலை அணில், பழுப்பு மரநாய், பழந்தின்னி வௌவால் எல்லாம் அந்தப் பூவுக்காக வரும். களக்காடு முண்டந்துறையில் காக்காச்சிப் பக்கம் கணேஷ் முதலியோர் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின: பூவைத் தின்ன வரும் விலங்குகளே மகரந்தத்தையும் ஏற்றிச் செல்கின்றன. அத்தி மரங்கள் குறைவாக உள்ள இந்த நடுமலைக் காட்டில், கோடையில் விலங்குகளைத் தாங்கும் மரம் வெடிப்பலாதான்.

வாழிடம்: மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மட்டும். அகத்தியமலை, மேகமலை, ஆனைமலை, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே சைலன்ட் வேலி என்று போகும். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. உயரம் ஏறத்தாழ 700 முதல் 1,400 மீட்டர். அதற்குக் கீழே டிப்டிரோகார்ப்பஸ், வெள்ளைக்குங்கிலியம் போன்ற தாழ்மலை மரங்கள் ஆட்சி செய்யும். மேலே போனால் குட்டையான உயர்மலைச் சோலை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பஸ்கால் 1980-களில் இந்த மலைகளின் பசுமைமாறாக் காடுகளை வகைப்படுத்தியபோது, இந்த நடு உயரக் காட்டுக்கே குலேனியா–மெசுவா–பலாக்குவியம் என்றுதான் பேர் வைத்தார். அதாவது வெடிப்பலா–நாங்கு–பாலி. உங்கள் சோலைத் துண்டில் மூன்றும் நிற்பதாகச் சொல்கிறீர்கள். இடம் மிகச் சரியான இடம், சந்தேகமே வேண்டாம்.

கோயம்புத்தூருக்கு இங்கேயே பதில். 400 மீட்டர் உயரம், வருஷத்துக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. வால்பாறையில் 3,500 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. வித்தியாசம் மழை அளவில் மட்டும் இல்லை. சொட்டுநீர் போட்டு வேரை நனைக்கலாம். இலையைச் சுற்றியுள்ள காற்றை ஈரமாக்க முடியாது. மார்ச் மாதத்து வறண்ட காற்றில் விளிம்பிலிருந்து உள்நோக்கி இலை காயும், நுனிமொட்டு கருகும். விதையே அரிது, அதை அங்கே வீணாக்க வேண்டாம். பண்ணைக்காரர்கள் உசில், வெப்பாலை, ஆச்சா மாதிரி அந்த மண்ணின் மரங்களை நடட்டும்.

சருகுமண்

விதை பற்றி.

காய் முற்றுவது தென்மேற்குப் பருவமழை நேரம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. இடத்துக்கு இடம் சில வாரம் முன்பின் இருக்கும். எல்லா வருஷமும் ஒரே மாதிரி காய்க்காது. ஒரு வருஷம் கிளை நிறைய, அடுத்த வருஷம் பேருக்கு நாலு. அதனால் மே கடைசியிலேயே தாய்மரங்களை ஒரு சுற்றுப் பார்த்து எதில் காய் இருக்கிறது என்று குறித்துவிடுங்கள். காய் உருண்டையாக, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் குறுக்களவில், உடம்பெல்லாம் கூர்முள்ளாக இருக்கும். மரத்தடியில் வேலை செய்பவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். தோல் கையுறையும் வேண்டும்.

எடுக்க வேண்டியது முற்றிப் பிளந்த காயிலிருந்து விழுந்த விதை, அல்லது பிளவு தெரிய ஆரம்பித்துக் கீழே கிடக்கும் முழுக் காய். பச்சையாக விழுந்து கிடக்கும் காய்களில் பெரும்பாலானவை சோலைமந்தியோ மலை அணிலோ கடித்துப் போட்டவை. சோலைமந்தி முற்றாத விதையைத்தான் விரும்பித் தின்னும். அந்தக் காயை உடைத்தால் விதை வெளுத்து, தோல் மெத்தென்று இருக்கும். அது முளைக்காது. முற்றிய விதை நாலைந்து சென்டிமீட்டர் நீளம், பளபளக்கும் பழுப்பு, கையில் கனம். தோலில் ஊசித் துளை இருந்தால் உள்ளே புழு. நகத்தால் அழுத்திக் குழிந்தால் அழுகல் தொடங்கிவிட்டது.

முக்கியமான விஷயம்: இது சேமிக்கிற விதை இல்லை. காய வைத்தால் செத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் செத்துவிடும். நெல், பயறு மாதிரி வெயிலில் காயப்போட்டு டப்பாவில் அடைக்கும் பழக்கத்தில்தான் பெரும்பாலான இடங்களில் இந்த விதை வீணாகிறது. எடுத்த அன்றைக்கே நனைத்துப் பிழிந்த சாக்கில் பரப்பிச் சுற்றி நிழலில் வையுங்கள். பாலிதீன் பையில் கட்டினால் இரண்டே நாளில் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். மூன்று நாளுக்குள் விதைத்துவிடுவது நல்லது, ஒரு வாரத்தைத் தாண்ட விடவே கூடாது.

எங்கே எடுப்பது என்பதையும் சொல்ல வேண்டும். புலிகள் காப்பகத்துக்குள்ளோ காப்புக்காட்டிலோ எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு விதைகூட எடுக்கக் கூடாது. உங்கள் சோலைத் துண்டு எஸ்டேட் நிலமாக இருந்தால் நிர்வாக அனுமதி போதும். அப்படியிருந்தாலும் முதலில் ரோட்டில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கப்போகும் விதைகளையும், தேயிலைப் பாத்தியில் உருண்டு கிடப்பவற்றையும் பொறுக்குங்கள். அவை எப்படியும் மரமாகப் போவதில்லை. மரத்தடியில் கிடப்பதை முழுக்கக் கூட்டி வாராதீர்கள். ஐந்து மரம் காய்த்திருந்தால் ஐந்திலிருந்தும் எடுங்கள். ஒரே தாயின் பிள்ளைகளை மட்டும் நாலு ஏக்கரில் நட்டால் நாளைக்கு அவை தமக்குள்ளேயே மகரந்தம் மாற்றிக்கொள்ள வேண்டி வரும்.

நர்சரி முறை: மேல் மண் மூன்று பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. மண்ணைக் காட்டிலிருந்து வெட்டி எடுக்காதீர்கள், தோட்டத்து மண்ணே போதும். பை 20 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். காப்பி நாற்றுக்குப் போடும் சின்னப் பை இதற்கு ஆகாது. வெடிப்பலா முதலில் கீழேதான் வளரும், ஆணிவேர் சீக்கிரம் அடியைத் தொட்டுச் சுருண்டுவிடும். சுருண்ட வேரோடு நட்ட கன்று இரண்டு மூன்று வருஷம் நன்றாக இருப்பது போலத் தெரிந்து பிறகு ஒரு கோடையில் வாடும்.

விதையைப் படுக்கவைத்து அதன் தடிமன் அளவுக்கு மட்டும் மண் மூடுங்கள். மேலே மெல்லிய சருகு. புது விதையாக இருந்தால் சில வாரங்களில் முளை தெரியும். நிழல் வலை எழுபது சதம். மழைக்காலத்தில் தண்ணீர் ஊற்றுவதைவிட வடிகால் முக்கியம். பைக்குக் கீழே சல்லி பரப்புங்கள், அடியிலும் பக்கத்திலும் எட்டுப் பத்துத் துளை இருக்கட்டும். நீர் தேங்கினால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்துச் சாயும். அப்படிச் சாய்ந்ததை உடனே மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

எலி! இதை யாரும் முதல் வருஷம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாவுச்சத்து நிறைந்த இத்தனை பெரிய விதைகள் ஒரே இடத்தில் வரிசையாக இருந்தால் எலி ஒரு ராத்திரியில் பாத்தியையே காலி பண்ணும். முள்ளம்பன்றியும் வரும். அரை அங்குலக் கம்பி வலையைப் பெட்டி மாதிரி கட்டி, விளிம்பை 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதையுங்கள். மேல் பக்கமும் மூடியிருக்க வேண்டும். விதை சுருங்கி உதிரும் வரை வலையை எடுக்காதீர்கள். முளைத்த கன்றின் அடியில் விதை ஒட்டியிருக்கும் வரை எலி அதைத் தேடி வரும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பைகளைத் தூக்கி இடம் மாற்றினால் துளை வழியாக வேர் தரையில் இறங்காது. நடவுக்கு முந்தைய நாலு மாதம் நிழலை எழுபதிலிருந்து ஐம்பது சதத்துக்குக் கொண்டுவாருங்கள், நீரையும் கொஞ்சம் குறையுங்கள். ஒன்றரை முதல் இரண்டு வயதில் ஒன்றரை, இரண்டு அடி உயரமும் பென்சில் தடிமனும் வந்தால் நடவுக்குத் தயார்.

காட்டுவிதை

சருகுமண் அண்ணன் சொன்னதில் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன்: தாய்மரத்தடியில் முளைத்து நிற்கும் கன்றைப் பிடுங்கி வந்து நடுவது சுலபம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒரு சாண் உயரக் கன்றுக்கு அதைவிட நீளமான ஆணிவேர் இருக்கும். பிடுங்கும்போது நுனி அறுந்துவிடும். மழை இருக்கும் வரை பச்சையாக நிற்கும், டிசம்பருக்குப் பிறகு போய்விடும்.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது ‘தானாக ஏன் வரவில்லை’ என்பது. பேரிலேயே எக்ஸரில்லாட்டா என்று வைத்திருப்பதற்குக் காரணம், இதன் விதையைச் சுற்றிச் சதைப்பத்திரி கிடையாது. டுரியனில் நாம் தின்னும் சுளை அதுதான். இங்கே அது இல்லாததால் விதையை விழுங்கித் தூரத்தில் போட எந்தப் பறவைக்கும் வேலை இல்லை. வருகிற விலங்கெல்லாம் விதையைத் தின்னவே வருகிறது. குரங்கு, அணில், பறக்கும் அணில், வால் நுனியில் மயிர்க்கற்றை உள்ள மலபார் முள் சுண்டெலி எல்லாமே அப்படித்தான். தப்பிய விதை தாய்மரத்தடியிலோ சரிவில் உருண்டு கொஞ்சம் கீழேயோ நிற்கும். இருவாச்சியும் குக்குறுவானும் கொண்டுவரும் மரங்கள் உங்கள் ஓடைக்கரைக்கு வந்துவிட்டன, வெடிப்பலா வரவில்லை. நடுவில் ரோடும் காப்பியும் இருக்கும்போது முந்நூறு மீட்டர் இந்த விதைக்குக் கடக்க முடியாத தூரம். இன்னும் ஐம்பது வருஷம் காத்திருந்தாலும் வராது. ஆகவே மனிதர் கொண்டுவந்து வைத்தே தீர வேண்டிய மரம் இது.

ஆனால் கொண்டுவந்து வைப்பதற்கும் முறை இருக்கிறது. வெட்ட வெளியில் வைக்காதீர்கள். இதன் கன்று பெரிய மரங்களின் நிழலில் பல வருஷம் மெதுவாக நின்று, மேலே இடம் கிடைக்கும்போது ஏறும் இயல்புடையது. வெட்ட வெளியில் பிப்ரவரி, மார்ச் வெயிலில் இலை வெளுத்து, பிறகு பழுப்புத் திட்டு விழுந்து கொட்டும். அதைவிட மோசம் புல்லும் உண்ணியும். மெதுவாக வளரும் கன்றை அவை ஒரே மழையில் மூடிவிடும்.

உங்கள் நிலத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வட்டக்கண்ணியும் சில்வர் ஓக்கும் உள்ள பாதியில் நாற்று தயாரானதுமே நடலாம். நண்பகலில் போய் நின்று தரையைப் பாருங்கள். தரையில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வெயில் பொட்டு விழுந்தால் நல்ல இடம். பாதிக்கு மேல் வெயில் என்றால் வெடிப்பலாவுக்கு இன்னும் நேரம் வரவில்லை. சில்வர் ஓக் மட்டும் உள்ள இடத்தில் நிழல் மெலிதாக இருக்கும். வட்டக்கண்ணி கலந்த இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

வெட்ட வெளிப் பாதியில் முதல் மூன்று நான்கு வருஷம் வேறு மரங்கள்: வட்டக்கண்ணி, நாவல் வகைகள், ருத்திராட்ச வகைகள், காட்டுப் பலா, வெயில் தாங்கும் உள்ளூர் மரங்கள். அவை தலைக்கு மேலே போய் இலை சேர்ந்த பிறகு நடுநடுவே வெடிப்பலா, பாலி, காட்டு ஜாதிக்காய். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 2000-களின் தொடக்கத்திலிருந்து எஸ்டேட்களோடு சேர்ந்து மழைக்காட்டு மீட்பு செய்துவருகிறது. அவர்கள் நர்சரியில் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் மர வகைகள் உண்டு. உங்களுக்குப் பக்கத்திலேயே நேரில் பார்த்துக்கொள்ளக்கூடிய இடங்கள் அவை.

வெடிப்பலாவையே அதிகம் வைக்க ஆசை வரும். வேண்டாம். நூறு கன்று நட்டால் அதில் எட்டுப் பத்து போதும். இயற்கைக் காட்டில் இது எண்ணிக்கையில் அதிகம் நிற்கும் மரம்தான், ஆனால் அந்த நிலை நூற்றாண்டுக் கணக்கில் வந்தது. மீட்புக் காட்டில் ஒரே மரத்தை நெருக்கி வைத்தால் எலிக்கும் பூச்சிக்கும் வேலை சுலபமாகிவிடும். கன்றுக்குக் கன்று இரண்டு, இரண்டரை மீட்டர். வெடிப்பலாக்கள் ஒன்றுக்கொன்று எட்டு, பத்து மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

நடவு ஜூன் நடுவில். இரண்டு நல்ல மழை பெய்து மண் ஒரு முழ ஆழத்துக்கு நனைந்த பிறகு. குழி ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். சரிவில் குழியின் கீழ்ப்பக்கம் மண்ணை அணையாகக் கட்டுங்கள். பையைக் கிழிக்கும்போது அடியில் சுருண்ட வேர் இருந்தால் கூரான கத்தியால் அந்தச் சுருளை மட்டும் வெட்டுங்கள், மண் உருண்டை உடையக் கூடாது. கிழித்த பையைக் குழியிலேயே விட்டுவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. நடவு முடிந்ததும் நாற்று எண்ணிக்கையையும் காலிப் பை எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ரசாயன உரம் தேவையில்லை. கன்றைச் சுற்றி ஒரு அடி வட்டத்துக்குச் சருகு போடுங்கள், தண்டை மட்டும் ஒட்டாமல்.

இரத்தினபுரி வாசகர்

இலங்கை பற்றி ஒருவர் குறிப்பிட்டதால் சொல்கிறேன். எங்கட ஈரவலயக் காடுகளில குலேனியா இருக்கு, ஆனால் உங்கட மரம் இல்லை. இங்க இரண்டு வகை, குலேனியா சிலானிக்காவும் குலேனியா ரோசைரோவானாவும். சிங்களத்தில கட்டபொட எண்டு சொல்லுவினம். சிங்கராசாவில மேல்விதானத்தில நிக்கிற மரங்களில இதுவும் ஒண்டு. இணையத்தில தேடேக்க இந்தப் படங்களும் உங்கட வெடிப்பலாவும் கலந்து வரும், படத்தை மட்டும் நம்பி இனம் பிரிக்காதீங்க. விதையோ நாற்றோ கடல் தாண்டிக் கொண்டுபோற யோசனை யாருக்கும் வேண்டாம். அந்தந்த மலை மரம் அந்தந்த மலையில இருக்கட்டும்.

ஓடைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இன்னும் மூன்று விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, நாற்று தயாராக இரண்டு வருஷம் ஆகும் என்றால் விதையை நேரடியாகக் காட்டிலேயே ஊன்றினால் என்ன? இரண்டு, நிழல் உள்ள பாதியில் ரொபஸ்டா காப்பிக் கன்றுகள் தானாக முளைத்து முழங்கால் உயரத்துக்கு நெருக்கமாக நிற்கின்றன. அவையும் நிழல்தானே, விட்டுவிடலாமா? மூன்று, களை எடுக்கும் ஆட்கள் கன்றையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். அதற்கு வழி?

சருகுமண்

நேரடி விதைப்பு செய்யலாம், ஆனால் எல்லா விதையையும் அதில் போடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு மட்டும். ஒவ்வொரு விதைக்கும் கம்பி வலைக் கூண்டு வேண்டும்: அரை அங்குல வலையில் ஒரு அடி உயரம், அரை அடி குறுக்களவு உருளை. மேல் வாயை மடித்து மூடி, அடியை நாலு விரல் மண்ணில் புதைத்து, மூங்கில் குச்சியால் குத்தி நிறுத்துங்கள். கூண்டு இல்லாமல் ஊன்றியதை எலி தேடி எடுத்துவிடும், ஆழமாகப் புதைத்தாலும் வாசனையில் கண்டுபிடிக்கும். நேரடியாக ஊன்றியதில் ஒரு நன்மை உண்டு. ஆணிவேர் தடையில்லாமல் இறங்குவதால் முதல் கோடையை நாற்றைவிட நன்றாகத் தாங்கும். செங்குத்தான கரையில், குழி தோண்டினால் மண் சரியும் இடங்களில் இந்த முறையை வையுங்கள்.

கூண்டை எப்போது எடுப்பது என்று கேட்பீர்கள். நுனி வலையை முட்டும் முன்பு மேல் வாயைத் திறந்துவிடுங்கள், பக்க வலை இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும். தாமதித்தால் தண்டு வளைந்து வலைக்குள் சிக்கிக்கொள்ளும்.

காட்டுவிதை

ரொபஸ்டாவை விடாதீர்கள். ஆனைமலைச் சோலைத் துண்டுகளில் காட்டை உள்ளிருந்து மாற்றும் செடிகளில் அது முக்கியமானது. நிழலில் தாராளமாக முளைக்கும், பழத்தை மரநாயும் குரங்கும் பரப்பும். முழங்கால் உயரத்தில் அது அடர்ந்து நிற்கும் தரையில் வேறு எந்த மரக் கன்றுக்கும் இடம் கிடைக்காது. வெடிப்பலா பல வருஷம் நிற்க வேண்டிய அடுக்கு அதேதான். மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். வெட்டிவிட்டால் அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டாகத் துளிர்க்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அயல் மரமான மீசாப்சிஸின் கன்றுகளும் இருந்தால் அதே சுற்றில் எடுத்துவிடுங்கள். அதன் பழத்தை இருவாச்சியே கொண்டுவந்து போடும், அதனால் வருஷா வருஷம் வரும். ஆனால் மேலே நிழல் தரும் பெரிய மீசாப்சிஸ் நின்றால் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். கீழே உள்ள கன்றுகள் தலைதூக்கிய பிறகு ஒவ்வொன்றாகப் பட்டையுரித்துக் காயவிடலாம்.

பிடுங்கும்போது எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் வெறுமையாக்காதீர்கள். ஓடைச் சரிவு மழையில் அரிக்கும். கன்று வைக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் வட்டம் முதல் வருஷம், மீதி அடுத்த வருஷம்.

களை வெட்டு: நட்ட முதல் மூன்று வருஷம், வருஷத்துக்கு இரண்டு தடவை. பருவமழை முடிந்து அக்டோபர், நவம்பரில் ஒரு முறை, கோடை மழைக்குப் பிறகு மே மாதம் ஒரு முறை. களைக்கொல்லி எக்காரணத்துக்கும் வேண்டாம். ஓடை என்பதால் மட்டும் இல்லை, தானாக வந்த மற்ற காட்டுக் கன்றுகளையும் அது கொன்றுவிடும். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் நாலடி மூங்கில் குச்சி, நுனியில் ஒரு சாண் சிவப்பு பெயின்ட். நட்ட கன்றுக்கு மட்டும் இல்லை, தானாக வந்த நல்ல கன்றுகளுக்கும் குச்சி நடுங்கள். முதலில் ஒருவர் குச்சியைச் சுற்றிக் கையால் களை எடுத்துக்கொண்டே போக வேண்டும், அரிவாள் வைத்திருப்பவர்கள் பின்னால் வர வேண்டும். இந்த வரிசை மாறினால் குச்சி நின்றாலும் கன்று போகும்.

நிழல் மரக் கவாத்து நடக்கும் மாதத்தையும் கவனியுங்கள். காப்பிக்கு வெயில் வேண்டும் என்று சில்வர் ஓக்கின் கிளைகளைப் பருவமழைக்கு முன் கழிக்கும்போது அந்த ஆட்கள் ஓடைக்கரைக்கும் வந்து கழித்துவிடுவார்கள். இரண்டு வருஷமாக நிழலில் வளர்ந்த கன்றுக்கு ஒரே நாளில் முழு வெயில் கிடைத்தால் இலை கருகும், மேலே இருந்து விழும் கிளையும் முறிக்கும். நாலு ஏக்கரின் எல்லை மரங்களில் வெள்ளைப் பட்டை அடித்து, அதற்குள் கவாத்து இல்லை என்று மேஸ்திரிகளிடம் சொல்லிவிடுங்கள்.

இலைச்செதில்

ஒரு சின்னச் சேர்க்கை. காட்டுமாடும் கடமானும் வரும் தடம் ஓடைக்கு அருகே இருந்தால் அந்தத் தடத்தை விட்டு நடுங்கள். வேலி போட்டு மறிக்காதீர்கள். மறித்தால் அவை வேறிடத்தில் இறங்கி நடவின் நடுவே தடம் போடும். தடத்துக்கு இரு பக்கமும் மூன்று மீட்டர் விட்டால் போதும்.

கன்று வளரவில்லையே என்று மூன்றாம் வருஷம் யாராவது சொல்வார்கள். உயரத்தை அளக்காதீர்கள், இலையைப் பாருங்கள். புது இலை ஒவ்வொரு மழைக்கும் வருகிறதா, அடிப்பக்கச் செதில் தேயாமல் வெள்ளியாக இருக்கிறதா, தண்டின் அடி தடிக்கிறதா? மூன்றும் இருந்தால் கன்று நலமாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு சாண் மட்டும் ஏறினாலும் கவலை இல்லை. பக்கத்து வட்டக்கண்ணி இதற்குள் பதினைந்து அடி போயிருக்கும், அதோடு ஒப்பிட வேண்டாம். ஐந்தாறு வருஷம் கழித்து மேலே நெருக்கம் அதிகமாகி, நண்பகலிலும் தரையில் வெயில் பொட்டே விழவில்லை என்றால், கன்றுக்கு நேர் மேலே உள்ள வட்டக்கண்ணியின் ஒன்றிரண்டு கிளைகளை மட்டும் கழியுங்கள். செப்டம்பரில் செய்வது நல்லது. வடகிழக்கு மழை முடியும் வரை கன்றுக்குப் புது வெளிச்சத்துக்குப் பழக நேரம் கிடைக்கும்.

ஓடைக்கரை

மே கடைசியில் தாய்மரங்களைக் குறித்துவிடுகிறோம். ரோட்டோரம் நிற்பவை மூன்று, உள்ளே நாலு. வலைக்கும் பெரிய பைக்கும் இந்த வாரமே சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்த இழையின் இணைப்பை அனுப்பியாயிற்று.

சருகுமண்

ஏழு மரம் என்றால் ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனிச் சாக்கில் கட்டி, மர எண்ணைப் பையிலும் எழுதிவிடுங்கள். நடும்போது ஒரே எண் கன்றுகள் பக்கத்தில் பக்கத்தில் வராமல் பிரித்து வைக்கலாம். மார்க்கர் பேனா மழையில் அழிந்துவிடும். அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிக் கட்டுங்கள்.